மூன்று தும்மலுக்கு மேல்

மேற்கு வர்ஜீனியா, பிப்ரவரி.
ஆற்றோரம் நிலக்கரி ரயில்
போய்க்கொண்டே இருக்கிறது.

ஒன்பதாம் தொட்டிலில் நான்கு நாள் வயது.
அட்டையில் ‘ஆண், ராட்லிஃப்’ என்று மட்டும்.
ட்வைலா தாளை எடுக்கிறாள்:
கீச்சிடும் அழுகைக்கு இரண்டு.
யாரும் தொடாமலே நடுங்குவதற்கு மூன்று.
மூன்று தும்மலுக்கு மேல் போனால்
ஒன்று.

பிள்ளை தும்மினால் ‘நூறு’ என்று சொல்கிற
மொழியில் இதை எழுதுகிறேன்.

கூட்டினால் பதின்மூன்று.
கன்னத்தின் உள்பக்கம்
ஒரு சொட்டுக்கும் குறைவாய் மார்ஃபின்.
எதைக் கேட்டு உடம்பு கத்துகிறதோ
அதையே கொடுத்து,
நாளுக்கு நாள் கொஞ்சம் பிடுங்கிக்கொள்வது.

வாசலில் அம்மா, ஜோலீன்.
கோட்டைக் கழற்றவில்லை.
பதினோரு மாதம், பனியிலும்,
விடியுமுன்னே மெத்தடோன் வரிசையில் நின்றவள்.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.
‘நான் தொட்டால் மோசமாகுமா?’

ட்வைலா விளக்கைத் தணிக்கிறாள்.
நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.
‘பொத்தானைக் கழற்று. நெஞ்சில் போட்டுக்கொள்.’

முதலில் முஷ்டி அவிழ்ந்தது.
கால்கள் மட்டும் வெகுநேரம்
இல்லாத சைக்கிளை மிதித்தன.
பிறகு அவையும்.

மூன்று மணி. அடுத்த கணக்கு.
ட்வைலா பேனாவைத் திறந்து
தூங்குகிறவனைப் பார்த்து
மூடிவிட்டாள்.

அப்போது ஜோலீனுக்குத் தும்மல்.
அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தபடி
அவன் முகத்தையே பார்த்தார்கள்.

புருவம் சுருங்கியது. அவ்வளவுதான்.

‘கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்’ என்றாள் ட்வைலா,
அந்த ஊரில் எவர் தும்மினாலும் சொல்வதுதான்.
ஜோலீன் தலை நிமிரவில்லை.
கோட்டின் ஒரு கையை மட்டும்
மெல்லக் கழற்றினாள்.