மாறிய வரி மட்டும்

தண்டர் பே. இரவு இரண்டு பத்து.
வடக்கே ஒரு சுரங்கத்தின் கணினிக்குள்
செயற்கைக்கோள் வழியே புகுந்து
கோப்பொன்றைத் திருத்துகிறேன்.

ஓரெழுத்துத் தட்டினால் போதும்,
திரை முழுக்க அழிந்து
மேலிருந்து கீழாக
திரும்ப எழுதிக்கொள்கிறது எடிட்டர்.
ஒரு காற்புள்ளிக்காக
வீடு முழுவதற்கும் வெள்ளையடிப்பதுபோல.

கட்டிலில் துவாரகி
தலையணையால் கண்ணை மூடுகிறாள்.
"மின்னுது."
ஒற்றைத் தலைவலி, மூன்றாம் நாள்.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
கர்சரே, சிமிட்டாதே.
மாறாத வரியைத் தொடாதே.
கை ஓய்ந்து அரை நொடி ஆகும்வரை
வண்ணம் பூசாதே.
அடைப்புக்குறி ஒன்றை மூடாததற்கு
இரண்டு தரம் திட்டு வாங்கினேன்.

இப்போது எழுத்து விழுகிறது,
விழுந்த இடம் மட்டும் அசைகிறது.
சுவரில் என் நிழல் துடிக்கவில்லை.

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
"என்ன, நிப்பாட்டிப்போட்டீங்களே?"
"இல்ல, எழுதிக்கொண்டுதான் இருக்கிறன்."

யன்னலுக்கு வெளியே பனி
ஒரு கால்தடத்தை மறைக்க
தெரு முழுவதையும்
முதலிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறது.
அதன் அமைப்புக் கோப்பு எங்கே கிடக்கிறதோ.
ஆறு மணிக்குக் காரை
நான்தான் தோண்டியெடுக்க வேண்டும்.