பொதி

குலசேகரம் சந்தைக்கு மேலே ஒரு மாடி அறை.
மின்விசிறி ஓடுகிறது. பில்ட் ஓடவில்லை.
என் கணினியில் நன்றாக ஓடும் நிரல்
வெறுங்கூட்டில் வைத்தால் விழுகிறது.

வெறுங்கூடு என்றால்
சட்டியும் உப்பும் இல்லாமல் கழுவிவிட்ட வீடு.
அங்கே வெந்தால்தான் எங்கேயும் வேகும்.
மூன்று வருஷம் முன்பு எதற்கோ நிறுவி மறந்த ஒரு நூலகம்
என் வீட்டு உப்பாக இருந்திருக்கிறது.
கை தானாக அள்ளிப் போட்டிருக்கிறது.
சார்புப் பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்தேன்.
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பொதிச்சோறு கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.
வாட்டிய இலைக்குள் துவையல், முட்டை, பொரித்த சாளை,
எல்லாம் உள்ளேயே.
டெபியன் பொதி வேறு ரகம்:
சோற்றை மட்டும் கட்டி,
மோர் அந்த வீட்டில் இருக்க வேண்டும், பதிப்பு இரண்டுக்கு மேல்,
என்றொரு சீட்டு.
இல்லாவிட்டால் வழியில் வாங்கிக்கொண்டு போகும்.

பால் சங்கத்துக்கான நிரல் இது.
மாட்டுப் பால் இல்லை, ரப்பர் பால்.
வாளி எடை, மெட்ரோலாக் அளவு, அன்றைய விலை,
கடைசியில் ஒரு தொகை.
நூறு மரம், இருநூறு மரம் வெட்டுகிறவர்கள்
அந்தத் தொகைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

உரிமக் கோப்பு எழுதும்போது
ஒவ்வொன்றுக்கும் உடையவர் யாரென்று கேட்டாக வேண்டும்.
பதினாறு கோப்புக்குப் பெயர் இருந்தது.
பதினேழாவதில், கணக்கின் நடுவே,
ஒரே ஒரு குறிப்பு:
மழைக்காலம் என்றால் இரண்டு கழி. கிளாட்வின்.

கிளாட்வின் இப்போது சலாலாவில் கிரேன் ஓட்டுகிறான்.
இரவு பதினொன்றுக்கு எடுத்தான்.
"அதையா? எடுத்துக்கோ மக்கா, எனக்கென்ன."
எழுத்தில் வேண்டும் என்றேன்.
யாரும் பார்க்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று
ஒரு வரி அனுப்பினான்.
அந்த இரண்டு எதற்கு?
கொஞ்ச நேரம் அவன் பக்கத்துக் காற்று மட்டும்.
"செக்ரட்டரி போடச் சொன்னாரு. மழையில பாலு தண்ணியாவும்லா."

ஆகும்தான்.
அந்தத் தண்ணீரைத்தான் மெட்ரோலாக் முன்பே சொல்லிவிடுகிறதே.
முப்பத்து மூன்று காட்டினால் முப்பத்து மூன்று.
எடவப்பாதி தொடங்கித் துலாமழை ஓயும்வரை,
ஒன்பது வருஷம்,
நனைந்து வந்தவனை மறுபடி நனைத்திருக்கிறது
ஒரு வரி.

எடுத்துவிட்டேன்.
மாற்றக் குறிப்பில் எழுதினேன்: மழைக்கால இரண்டு நீக்கப்பட்டது.
அடியில் என் பெயர், விஜிலா,
அப்புறம் இரண்டு இடைவெளி, தேதி.
இடைவெளி ஒன்று குறைந்தால் கருவி கத்தும்.
இரண்டு கழித்ததற்கு
அது ஒருநாளும் கத்தியதில்லை.

இன்று சங்கத்தில். வெளியே தூறல், வரிசையில் வாளிகள்.
கட்டளை கொடுத்ததும்
நிறுவுவதற்கு முன் மாற்றக் குறிப்பு திரையில் விரிந்தது.
செக்ரட்டரி ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்து மாட்டி
உதடு அசைய வாசித்தார்.
இன்னொரு தடவையும் வாசித்தார்.

கீழே கணினி கேட்டது: தொடரலாமா?
எதுவும் தட்டச்சு செய்ய வேண்டாம் சார்,
வெறும் என்டர் போதும்,
ஆம் என்றே எடுத்துக்கொள்ளும் என்றேன்.

அவர் விரல் விசைக்கு மேலே நின்றது.
வெளியே யாரோ
அடுத்த வாளியைத் தராசில் வைத்தார்கள்.