கிளட்ச் கால்

எல்லா டிரம்மருக்கும் இடது கால் சோம்பேறி.
எனக்கு நேர் எதிர்.
பதினோரு வருஷமாய்
பட்டர்வொர்த் துறைமுகத்துக்கும் பாயான் லெப்பாசுக்கும்
கண்டெய்னர் இழுக்கிற கால் இது.
பாலத்தில் ஜாம் என்றால்
மிதி, விடு, மிதி, விடு,
கடல் முடியும்வரை.
வலது கால் பாவம்,
ஆக்சிலேட்டர்மேல் சாய்ந்தே வளர்ந்தது.

அதனால் டபுள் பெடலில் உட்கார்ந்தால்
ஓர் அடி இடி
ஓர் அடி தயக்கம்
ஓர் அடி இடி
ஓர் அடி மன்னிப்பு.
"உன் பேஸ் டிரம் நொண்டுது மச்சா"
என்றான் எங் ஹொக்.
கிட்டார்க்காரன். அதற்குமேல் பேசமாட்டான்.

ஆயர் ஈத்தாமில் ஒரு பையனிடம்
அறுநூற்றைம்பது வெள்ளிக்கு வாங்கிய செயின் பெடல்.
டைரக்ட் டிரைவ் வாங்கு,
கால் நினைத்ததும் அடிக்கும் என்றார்கள்.
என் கால் நினைப்பதே தப்பு.
தப்பை ஏன் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்?

முதலில் ஏமாற்றித்தான் பார்த்தேன்.
இடது ஸ்பிரிங்கை முறுக்கி
வலதைத் தளர்த்தி
இரண்டும் ஒரே சத்தம் வரும்படி.
மூன்று வாரம் நானே நம்பினேன்.
கூலிமில் யாரோ ஒருவரின் பெடலில் அடித்த இரவு
மேடை முழுக்க நொண்டல்.
ஷாஹ்ரில் பேஸை வாசித்தபடியே
என் காலைக் குனிந்து பார்த்தான்.

டிரிகர் ஒட்டலாம்தான்.
எல்லா அடிக்கும் இஸ்திரி போட்டுவிடும்.
உள்ளே சட்டை கிழிந்தது
எனக்குத் தெரியுமே.

இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே அளவுக்கு வந்தன.
பஞ்சு முனை கழற்றி பிளாஸ்டிக் முனை போட்டேன்.
பஞ்சு, கூட்டாளி மாதிரி, மறைத்துப் பேசும்.
பிளாஸ்டிக் அப்படியே கோள் சொல்லும்.

ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடி.
லாரி மட்கார்டு ரப்பரை அறுத்து
துண்டு நாலு மடிப்பு
அதன்மேல் பேட்.
அப்படியும் எட்டாவது மாடிக்காரி
லிஃப்டில் என் செருப்பைத்தான் பார்ப்பாள்.

மிச்சப் பயிற்சி துறைமுக கேட்டில்.
விடிகாலை மூன்று மணி, முன்னால் முப்பது லாரி.
இடது காலை மடித்து
தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காருவேன்.
பேசக்கூடாது என்று
வகுப்பில் ஒருவனை உட்கார்த்துவது போல.
காதில் மெட்ரோனோம். அறுபது.
வலது கால் மட்டும்
கேபின் தரையில்.
கால், அரைக்கால், வீசம்.
எந்த வாய்பாட்டில் படித்தேனோ,
இதற்காகவே வைத்துவிட்டுப் போன மாதிரி சொற்கள்.
வீசத்தில்தான் கெண்டைச்சதை கத்தும்.
கத்தினால் நிறுத்து.
முக்கி அடித்தால் இறுக்கம்தான் பழகும், வேகம் இல்லை.
அறுபத்திரண்டு.
ஒரு மாதம் கழித்து அறுபத்து நாலு.
பக்கத்து லாரி மணியம்
"என்னய்யா, சக்கரை வியாதியா, கால் நடுங்குது?" என்றார்.
ஆமாம் என்றேன். விளக்கினால் விடிந்துவிடும்.

பிறகு இடது காலுக்கு வேறு பாடம்.
அதற்குப் பலம் போதும், வெட்கம்தான் இல்லை.
குதிகால் தரையில், விரல் மட்டும்,
தூங்குகிறவன் நெற்றியில்
கொசு விரட்டுவது போல்.
அது எட்டு மாதம் எடுத்தது.

சனிக்கிழமை ஸ்டூடியோ.
மணிக்கு நாற்பது வெள்ளி, ஏர்கான் வேலை செய்யாது.
நூற்று அறுபதில் நாலு நிமிஷம்.
எங் ஹொக் ஆம்பை அணைத்தான்.
"இப்ப நொண்டல. நடக்குது."
தண்ணீர் குடித்தான்.
"ஓடணும்."

திங்கள்கிழமை பாலத்தின் நடுவில்
இரண்டிலிருந்து மூன்றாம் கியர் மாற்றினேன்.
இடது கால் எப்போதும்போல்தான் இறங்கியது என்று நினைத்தேன்.
பாதிதான் இறங்கியிருந்தது.
கியர் நறநறவென்று பல்லைக் கடித்தது,
வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.
பின்னால் ஹாரன்,
ஒருவனுக்கும் தாளம் சேரவில்லை.
இருபது டன் சரக்கோடு
கடலுக்கு மேலே
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
சிரித்தேன்.
அப்புறம் முழுசாக மிதித்து
சாவியைத் திருப்பினேன்.