உடைவு: மூன்று

ஒருகொடவத்தையில் எனக்கு ஸ்பெயின் வருவது
நாற்பதடிக் கொள்கலனில்.
கதவு திறந்தால் முதலில் ஈரப் பலகை மணம்,
பிறகு பட்டியல்.
சுங்கத்தின் மொழியில் எல்லா வைனுக்கும் ஒரே எண்:
இருபத்திரண்டு பூச்சியம் நான்கு.
மலையில் விளைந்ததோ மணலில் விளைந்ததோ
லீற்றர் எத்தனை, வீதம் எத்தனை, வரி எத்தனை.

ஏழு வருடம்.
போத்தல் கழுத்தில் கலால் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே
லேபலை வாசிப்பேன்.
மதியம் சோற்றுப் பார்சலை விரித்துவைத்து
கழுவாத கையின் சுண்டுவிரலால்
போனில் வரைபடத்தைப் பெரிதாக்குவேன்.

ரியோஹா, வடக்கே, எப்ரோ ஆற்றோரம்.
அங்கே கிரியான்ஸா என்று எழுதவேண்டுமானால்
இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்,
அதில் ஒன்று மரப்பீப்பாயில்.
ரிசேர்வாவுக்கு மூன்று. கிரான் ரிசேர்வாவுக்கு ஐந்து.
எனக்கு ஏழு, இன்னும் தற்காலிக ஊழியர்.
கொரேரா ஐயாவிடம் ஒருநாள் இதைச் சொல்லிப் பார்த்தேன்.
நன்றாகச் சிரித்தார்.
பைலை மூடினார்.

ரிபேரா தெல் துவேரோ
பகலில் பொரிந்து இரவில் பல் கிட்டும் மேட்டுநிலம்.
பிரியோராத்தில் மண்ணே இல்லை,
கறுத்த பலகைக் கல்லுக்குள் வேர் வழி கேட்டு இறங்குகிறது.
ரியாஸ் பைஷாஸில் மழை, மழை, மேலும் மழை.
கருங்கல் தூண் நட்டுக் கொடியைத் தலைக்குமேல் ஏற்றுகிறார்கள்,
வத்தளையில் என் வீட்டுக்காரம்மா
பாகற்கொடிக்குப் போட்ட பந்தல் மாதிரி.
எழுத்தில் ஜெரெஸ், வாயில் ஹெரெஸ்.
ஒரே தெருவை மூன்று மொழியில் மூன்று பெயரால் அழைக்கும்
ஊரில் வளர்ந்தவளுக்கு அது ஒரு பாடமா?

இடம் தெரியும். ருசி தெரியாது.
வாங்கப் போனால்
சில கடையில் பெண்களுக்கு இல்லை என்று சட்டம் காட்டுவார்கள்.
காட்டாத கடையில் விலை காட்டுவார்கள்.

வெசாக் கூடுகள் மழையில் ஊறித் தொங்கிய வாரம்
ஒரு பெட்டி நனைந்து வந்தது.
"நான் உடைக்கல்ல, கப்பல்லயே உடஞ்சி" என்றான்
போர்க்லிப்ட் ஓட்டும் இல்ஹாம்.
ஒன்பது வருடத்தில் அவன் ஒரு போத்தல் உடைத்ததில்லை,
ஒரு சொட்டுத் தொட்டதும் இல்லை.
இரண்டு முழுதாய் நொறுங்கியிருந்தன.
மூன்றாவதன் அடியில் கால் கோப்பை மிச்சம்.
மன்ஸனீயா.
கைக்குட்டையில் கண்ணாடித் தூள் வடித்து
தேநீர்க் கோப்பையில் ஊற்றினேன்.

திராட்சை என்றால் இனிப்பு என்றிருந்தேன்.

உப்பு.

"எப்பிடி?"
இரண்டடி தள்ளி நின்று கேட்டான் இல்ஹாம்.
ஒன்பது வருடம் சுமந்ததைப் பற்றி
அவன் கேட்ட முதல் கேள்வி.

ஒழுங்காகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.
அவனுக்கு என் சொல்லைத் தவிர வேறு நாக்கு இல்லை.
தோலுரித்த பாதாம், என்றேன்.
விடிய நாலு மணிக்கு பேக்கரியின் பின்வாசல்.
வெயிலில் காய்ந்த வள்ளக் கயிறு.
பிறகு, பொறு,
முகத்துவாரத்தில் களனி கங்கை கடலில் விழும் இடத்தில்
மழைக்கு முன்னால் வாய் திறந்து நின்றால்
வருமே ஒன்று, அது.

"அப்ப முந்திரிப்பழம் எங்க?"

அதைத்தான் நானும் தேடுறன் என்றேன்.

அன்றைக்கு வரைபடத்தை இருவரும் பார்த்தோம்.
தெற்கே, இன்னும் தெற்கே,
சான்லூக்கர்.
பெரிய ஆறு ஒன்று கடலுக்குள் இறங்கும் வாயில்
குந்தியிருக்கிறது ஊர்.
இல்ஹாம் கிறீஸ் விரலால் திரையை நகர்த்தினான்.
"அங்கயும் ஒரு மோதறை" என்றான்.
திரையில் அந்தக் கறை இரண்டு நாள் இருந்தது.

படிவத்தில் எழுதினேன்:
உடைவு, மூன்று.
காரணம், கடல்.
கொரேரா ஐயா அதை வெட்டி
'போக்குவரத்தின்போது' என்று திருத்தி
ஒப்பமிட்டார்.