தொங்கவிடுதல்

முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.
கறி சுடும் அடுப்பில் விறகு வெடித்ததாக
நினைத்துக்கொண்டார்கள்.
பிளாஸ்டிக் மேசைமேல்
வடிவேல் படையாச்சி மச்சானின் கையைச் சாய்க்க
நான்கு விரற்கடைதான் பாக்கி.
நான் தோற்கவில்லை, அதை எழுதி வைக்கிறேன்.
விட்டுக்கொடுத்தது மேற்கை எலும்பு,
ஈரத்துணி பிழிந்தாற்போல்
சுற்றிச் சுற்றி.

சாட்ஸ்வர்த் ஆஸ்பத்திரியில்
கத்தி வேண்டாம் என்றார்கள்.
தகடில்லை, திருகாணி இல்லை.
பத்து நாள் மாவுக்கட்டு. அப்புறம்
நிலக்கடலை ஓடுபோல் இரண்டு பாதி,
பிரித்தால் சர்ரென்று கத்தும் மூன்று பட்டை.
வீக்கம் வடிய வடிய இறுக்கிக்கொள்,
தினமும், என்றாள் ஸின்ஹ்லே.
அப்போ எலும்பை யார் நேராக்குவது?
உன் கையின் பாரம், என்றாள்.
கொஞ்சம் கோணி ஒட்டினால்
சட்டைக்குள் யாருக்குத் தெரியும்?

ஒரே விதி: முழங்கையைத் தாங்காதே.
தாங்கினால் எலும்பு இடம் மாறும்.

சொல்வது சுலபம்.
சாய்வு நாற்காலியில்
பாதி உட்கார்ந்து பாதி உறங்கும் எனக்கு
நடுநிசியில் தவநாதன்
தலையணை செருகுவார்.
உருவி எறிவேன்.
விடிந்தால் மறுபடி அங்கேயே இருக்கும்.
இருபத்தாறு வருஷத்தில்
அவர் மேல் இப்படி எரிந்து விழுந்ததில்லை.
தூரமாய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
படுத்துக்கொண்டார்.
அவர் விழித்திருப்பது மூச்சில் தெரிந்தது.

எலும்போடு ஒரு நரம்பும் மடங்கியிருந்தது.
ஆணியில் மாட்டிய நனைந்த கையுறையாய்
மணிக்கட்டு கவிழ்ந்து கிடந்தது.
துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி
டன் டன்னாய்ச் சர்க்கரை தூக்கியவள்,
கட்டைவிரலிடம் கெஞ்சினேன்.
அடுப்பங்கரையில் குனிந்து
கையை ஊசலாட விட்டு
தரை டைலுக்கு மேல் சின்னச் சின்ன வட்டங்கள்.
ஆறாம் வாரம். ஒன்பதாம் வாரம்.
படத்தில் முறிவைச் சுற்றி
புகைபோல் ஏதோ படர்ந்திருந்தது.
அதுதான் புது எலும்பாம்.

பதினோராம் வாரம், செவ்வாய்க்கிழமை,
டாக்ஸி நிற்கும் மூலை.
இடக்கையில் பை, உருளைக்கிழங்கு.
டவுனுக்குப் போகிறவர்கள்
ஆள்காட்டி விரலை வானத்துக்குக் காட்டுவார்கள் இங்கே.
பழக்கத்தில் வலக்கையை நீட்டிவிட்டேன்,
ஓட்டோடு, பட்டையோடு.
மணிக்கட்டு நிமிர்ந்தது.
விரல்
நடுங்கிக்கொண்டே
நின்றது.

வெள்ளை வேன் ஒன்று சக்கரம் தேய நின்றது.
"டவுனா?"

என் வீடு எதிர்த்திசை.
ஏறிக்கொண்டேன்.