பதினேழாம் குழாய்

தங்கம் மிகச் சிறிதானால் மஞ்சளாக இருப்பதில்லை.
லாக்லேயின் குடுவையில் அது
பீட்ரூட் வெந்த தண்ணீரின் சிவப்பு.
எத்தனை நாள் வைத்தாலும் அடியில் படியாது.

தார்த்து நகரத்தில் பிப்ரவரி.
ஆறு உறைந்து, அதன்மேல் யாரோ
சைக்கிள் தள்ளிப்போன தடம்.
மூன்றாம் மாடியில் ஒரே ஒரு விளக்கு.

சுண்டுவிரல் நீளப் பட்டை, அதில் அச்சடித்த கரிவட்டம்.
வட்டத்தின் மேல் அந்தச் சிவப்பில் ஒரு சொட்டு.
உலர்ந்ததும் ஆன்டிபாடி:
ஒரே ஒரு முகத்துக்காக
வாசலில் நிறுத்தப்பட்ட கூட்டம்.
மிச்ச இடத்தை மாட்டுப் புரதத்தால் பூசி மூடுவாள்,
வேறெவரும் வந்து உட்காராதபடி.

பிறகு மின்னோட்டம்.
கண்டுபிடித்தால் மணி அடிக்குமா என்பார்கள்
பார்க்க வருகிறவர்கள்.
அடிக்காது. கண்டுபிடித்தால் குறையும்.
தேடிய புரதம் வந்து ஒட்டிக்கொண்டால்
எலக்ட்ரான்களுக்கு வழி அடைபடும்,
திரையில் குன்று கொஞ்சம் தாழும்.
கெட்ட செய்தியை இந்தக் கருவி
குரலைத் தாழ்த்தித்தான் சொல்லும்.

இன்று நோயில்லாதவர்களின் முறை,
ஒப்பிட்டுப் பார்க்க.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
பதினாறு: உயரம் சரி.
பதினேழு: தாழ்ந்தது.

பட்டையில் அழுக்கு, என்றாள் தனக்கே.
ரத்தத்தில் ஆயிரம் புரதம், எது வேண்டுமானாலும் அப்பும்.
வேறு பட்டை. தாழ்ந்தது.
குளிர்பெட்டியில் பத்திரப்படுத்திய நல்ல தொகுதியிலிருந்து ஒன்று.
தாழவில்லை.
நான்காவது தாழ்ந்தது.

நான்கில் மூன்று.
கட்டுரையில் அது ஒரு பிழைக்கோடு,
கருப்பில், அரை மில்லிமீட்டர்.

எண்களின் பெயர்கள் உர்மோவின் இழுப்பறையில்.
திறக்கக் கூடாது. திறக்கவில்லை.
ஆனால் செவ்வாயன்று ஊசி குத்தியவள் அவளே.
பதினேழாம் குழாயில் ஒட்டுத்தாள் கோணல்,
ஏனென்றால் நாற்காலியில் இருந்தவர்
ஒரு குழாய்க்கு ஒரு சாக்லேட் என்றால்
இரண்டாக எடுத்துக்கொள் என்று சொல்ல
அவளுக்குச் சிரிப்பில் கை ஆடிவிட்டது.

ஏழு மணி. கீழே பனி வாரும் சத்தம் நிற்கிறது.
காலணியைத் தட்டிக்கொண்டு ஹெல்துர் வருகிறார்,
கட்டடத்துச் சாவிகள் எல்லாம் இடுப்பில்.
"என் ரத்தம் தேறிச்சா?"

திரையை அணைக்க வேண்டியதில்லை.
அவருக்கு அது வெறும் கோடு.
"இன்னும் கொஞ்சம் வேணும்,"
என்கிறாள்.

உடனே சட்டைக் கையை மடிக்கிறார்.

"இங்க இல்ல. ஆஸ்பத்திரியில.
நானும் கூட வர்றேன்."

மடித்த கை முழங்கைக்குக் கீழே நிற்கிறது.
கையுறையிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டுகிறது.
சாக்லேட்டைப் பற்றி
அவர் எதுவும் கேட்கவில்லை.