வலப்பக்கம் சாயும்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போதுதான்
அந்தக் கேள்வி வரும்:
"டாக்டரம்மா, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

கொடுப்பதைப் பற்றி இதனிடம் பேச முடியாது.
வாங்கும்.
போன ஐப்பசியில் ஒரு கிளட்ச் கேபிள் வாங்கியது.
கூத்தாநல்லூர் ஜக்கரியாவின் மைத்துனர்
மிலானிலிருந்து சாக்லேட் டப்பாக்களுக்கு நடுவே
சுருட்டி எடுத்துவந்தார்.
சுங்கத்தில் இது என்ன என்று கேட்டார்களாம்.
மாட்டு டாக்டருக்கு என்றாராம். விட்டுவிட்டார்கள்.

மோட்டோ குஸ்ஸி. இரண்டாம் கை.
சினைப்பசுவுக்குப் போல
இரு விலாவிலும் சிலிண்டர் துருத்தும்.
நின்ற இடத்தில் முறுக்கினால்
வலப்பக்கம் சாயும்.
கிராங்க் நீளவாக்கில் சுற்றுவதால் என்று
கோயம்புத்தூரில் விற்றவர் படம் வரைந்து காட்டினார்.
எனக்கு அது
ஊசி போட்டு முடித்ததும்
நீ யார் என்று தோளால் உரசிப் பார்க்கும்
உம்பளாச்சேரி.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் உண்டு.
ஊர் ஊராய் ஜெர்சி ஊசி போடுகிறவள் நான்.
எத்தனை ஈற்று, எத்தனை லிட்டர், எவ்வளவு தவிடு,
நோட்டில் கோடு போட்டுக் கணக்குச் சொல்கிறவள்.
"ரெண்டு லிட்டருக்கு இந்த மாடு எதுக்குங்க?" என்று
கோவில்வெண்ணி தில்லைக்கண்ணுவிடம் கேட்டவள்.
அவர் பதில் சொல்லவில்லை.
மாட்டின் நெற்றிச் சுட்டியைச் சொறிந்தபடி
வெளியே நின்ற என் வண்டியைப் பார்த்தார்.

மேட்டூர் திறந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே
போர் சுவிட்சைத் தட்டுகிற ஊர் இது.
ஆற்றுத்தண்ணி குடித்த பயிரின் பச்சையே வேறு என்றும் சொல்லும்.
இரண்டுக்கும் நடுவே
யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

கார்த்திகை. இரவு இரண்டு மணி. மழை.
பூவனூரிலிருந்து போன்:
தலையீத்து, கன்றின் முன்னங்கால் மடங்கிவிட்டது.
பொத்தானை அழுத்தினேன்.
டிக்.
மறுபடி
டிக்.
கெஞ்சினேன், பெட்ரோல் மூடியைத் தட்டினேன்,
இத்தாலிக்காரனுக்குப் புரியாத தமிழில் நாலு வார்த்தை.
டிக்.

பால்காரர் ஆரோக்கியதாஸ் கதவைத் திறந்ததும்
கேட்கக்கூட இல்லை, சாவியை நீட்டினார்.
டிவிஎஸ் எக்ஸெல். இருபுறமும் கேன் கொக்கி.
விளக்கு பாதி எரியும். சீட்டில் உரச்சாக்கு.
ஒரே மிதி.
வெண்ணாற்றங்கரைச் சேறெல்லாம்
தும்மிக்கொண்டே தாண்டியது.
தோள்வரை கையை விட்டு
மடங்கிய காலைத் தேடி நிமிர்த்தி இழுத்தபோது
கன்று மூச்சு விட்டது. தாயும் எழுந்தது.
டாக்டருக்குக் காப்பி, கன்றுக்குத் துணி, ஒரே அமளி.
வாசலில் நனைந்துகொண்டிருந்த எக்ஸெல்லை
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
நானும்தான்.

காலையில் குஸ்ஸியின் பக்கவாட்டைக் கழற்றினேன்.
ரிலேக்குள் சிற்றெறும்பு,
முட்டையோடு குடும்பம்.
ஊதிவிட்டு அழுத்தினேன்.
உறுமிற்று. வலப்பக்கம் சாய்ந்தது.
விற்றுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
கால் தன்பாட்டுக்கு ஊன்றிக்கொண்டது.

எக்ஸெல்லுக்கு டேங்க் நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.
ஆரோக்கியதாஸ் தலையைச் சொறிந்தார்.
"பெட்ரோல் கிடக்கட்டும் டாக்டரம்மா,
இத ஒரு ரவுண்டு..."

கைலியை மடித்துக் கட்டி ஏறினார்.
பாதித் தார்ரோட்டில் காய்ந்த நெல்லைச் சுற்றி,
பாலம் தாண்டி, மூங்கில் தோப்பு தாண்டி,
சத்தம் போய்க்கொண்டே இருந்தது.
நாற்பதில் முனகுவது,
அறுபதில் பேச்சு சீராவது,
எல்லாம் அக்கரையிலிருந்து கேட்டது.
அவர் சிரிப்பதும் கேட்டது போலிருந்தது.

பிறகு
சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.
மாற்று ரிலேயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
எக்ஸெல்லை மிதித்தேன்.